என்னை வான் இடிச்சது

2013 மாசி மாசம், காலபோக வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். பரந்தன் - முல்லைத்தீவு றோட்டில முரசுமோட்டைப் பக்கம் வழமை போல றோட்டின்ர ஒரு பக்கத்தில நெல்லுக் காயப்போட்டிருந்தவை. என்ர பெரியப்பா நெல்லில சில்லு ஏறக்கூடாது எண்டு மோட்டச்சைக்கிளைக் கொஞ்சம் நடுவுக்கு எடுத்தவர், பின்னால வந்த வான் இடிச்சுப்போட்டுது. வலது கால் முறிஞ்சு, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில பிளாஸ்ரர் போட்டு, வீட்டை கொண்டுவந்து முன் விறாந்தையில வாங்கு போட்டுப் படுக்க வைச்சிருந்தம்.

வானின்ர இன்சூரன்சுக்கு நடந்ததை ஒரு கடிதமா எழுதிக் குடுக்க வேணும். கொழும்புக்குப் போற கடிதம், இங்கிலிசில இருந்தாக் கெதியாப் பார்ப்பினம் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். எங்கட ஒழுங்கையில இங்கிலிஸ் கொப்பி வைச்சிருந்த பெரிய பிள்ளை நான் தான், பத்தாம் வகுப்பு. பெரியப்பா படுத்தபடியே சொல்லச் சொல்ல நான் எழுதினன். அவர் சொன்ன முதல் வசனம்: என்னை வான் இடிச்சது. ரெண்டாவது: நான் வானை இடிக்கேல்லை.

நான் என்ன செய்தனான் எண்டா ஒவ்வொரு சொல்லாத் தூக்கி வைச்சன். என்னை எண்டா ஆள் நான் தானே, அப்ப ஐ. இடிச்சது எண்டா ஹிற், இங்கிலிசில வினைச்சொல் நடுவில வரும் எண்டு மட்டும் வகுப்பில கேட்ட ஞாபகம் இருந்தது, அப்ப அதைத் தூக்கி நடுவில வைச்சன். முடிவில கடிதத்தில நிண்டது: ஐ ஹிற் வான். அதுக்குக் கீழ: ஐ நொட் ஹிற் வான். நான் வானை இடிச்சன், நான் வானை இடிக்கேல்லை. பெரியப்பா அதுக்குக் கீழ வடிவாக் கையெழுத்தும் போட்டுத் தந்தவர்.

ரெண்டு கிழமையால போன் வந்தது. அங்காலை கதைச்சவருக்கு அரைகுறைத் தமிழ், எண்டாலும் கேட்டது நல்லா விளங்கினது. நீங்க தானே இடிச்சது எண்டு எழுதியிருக்கிறீங்க, பிறகு ஏன் இல்லை எண்டும் எழுதியிருக்கிறீங்க? பொலிஸ் றிப்போட் எடுத்து அனுப்பி, வேற ஆளைப் பிடிச்சுக் கடிதம் திருப்பி எழுதி, எல்லாம் சரியாக அஞ்சு மாசம் போச்சுது. அந்த அஞ்சு மாசமும் பெரியப்பா வயலுக்கு இறங்கேல்லை. சிறுபோகத்துக்குக் காணியை வேற ஆளுக்குக் குத்தகைக்குக் குடுத்தவர். என்னை ஒரு நாளும் ஏசேல்லை. "நான் சொன்னபடி தானே பிள்ளை எழுதினது" எண்டு வாறவையளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதும் உண்மை, நான் அவர் சொன்ன ஒழுங்கிலயே தான் எழுதினனான். பிழை அங்க தான் இருந்தது, ஆனா அது எங்க இருந்தது எண்டு எனக்கு விளங்க இன்னும் மூண்டு நாலு வருசம் எடுத்தது.

எங்கட செற் பிள்ளையளுக்கு இது நடந்ததில ஆச்சரியம் ஒண்டுமில்லை. மூண்டாம் வகுப்பில இருந்து இங்கிலிஸ் பாடம் இருக்குது, ஆனா நான் ஆறாம் வகுப்புப் படிக்க வேண்டிய வருசம் 2009. அந்த வருசம் வன்னியில நாங்கள் எந்தக் கொப்பியோட எங்க எங்க இருந்தம் எண்டு இங்க எழுத வரேல்லை. பிறகு செட்டிகுளத்தில முகாமுக்குள்ள கொட்டிலில படிச்சம், 2010இல ஊருக்குத் திரும்பி வந்தம். அந்த இடைவெளிக்குள்ள எந்தெந்தப் பாடம் விழுந்துபோச்சுது எண்டு ஆரும் எண்ணிப் பார்க்கேல்லை. எனக்கு விழுந்ததுகளில ஒண்டு இந்த ஐ, மீ.

இப்ப நான் பின்னேரங்களில ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளையளுக்கு இங்கிலிஸ் சொல்லிக்குடுக்கிறன். பெரியப்பா வீட்டு முற்றம் தான் வகுப்பு, மாமரத்துக்குக் கீழ பாய், ஒரு கரும்பலகை. வாற பிள்ளையள் எல்லாரும் ஒரு கட்டத்தில இதே இடத்தில தான் வந்து நிக்கினம். ஐ எண்டாலும் நான், மீ எண்டாலும் நான், ஒரு ஆளுக்கு எதுக்கு அக்கா ரெண்டு பேர்? நான் அதுக்கு இங்கிலிசில இருந்து தொடங்கிறதில்லை. தமிழில இருந்து தான் தொடங்கிறன்.

"நான் கண்டன்" எண்டு சொல்லுறியள். "நான் கண்டவை" எண்டு ஆராவது சொல்லுவினமோ எண்டு கேட்டா எல்லாரும் சிரிப்பினம். "என்னைக் கண்டவை" எண்டு தான் வரும். அப்ப தமிழிலயும் ஒரு ஆளுக்கு ரெண்டு பேர் இருக்குது தானே. பார்க்கிற ஆளா இருக்கேக்க நான், பார்க்கப்படுற ஆளா இருக்கேக்க என்னை. நாலு வயசுப் பிள்ளை கூட "அண்ணா நான் அடிச்சவன்" எண்டு அழுதுகொண்டு வராது, "அண்ணா என்னை அடிச்சவன்" எண்டு தான் வரும். எழுவாய், செயப்படுபொருள் எண்டு சமயபாட ரீச்சர் மாதிரி மனப்பாடம் பண்ண வைக்க முதலே பிள்ளைக்கு அது நாக்கில இருக்குது. சப்ஜெக்ற் புரனவுன், ஒப்ஜெக்ற் புரனவுன் எண்டு இங்கிலிஸ் புத்தகம் சொல்லுறது இதைத் தான், வேற ஒண்டுமில்லை. ஐ - மீ, ஹீ - ஹிம், ஷீ - ஹேர், வீ - அஸ், தே - தெம். நான் - என்னை, அவன் - அவனை, அவள் - அவளை, நாங்கள் - எங்களை, அவை - அவையை. யூவும் இற்றும் மட்டும் ரெண்டு பக்கத்திலயும் ஒரே உடுப்போட நிக்கும்.

இதில ஒரு விசயம் இருக்குது, அது எனக்குத் தட்டுப்பட்ட நாள் இரவு நித்திரையே வரேல்லை. தமிழில ரெண்டாம் வேற்றுமை உருபு என்ன? ஐ. என் கூட்டல் ஐ, என்னை. அவன் கூட்டல் ஐ, அவனை. இங்கிலிசில நான் எண்டதுக்குச் சொல் என்ன? அதுவும் ஐ தான். சத்தம் ஒண்டு, வேலை நேர் எதிர். எங்கட ஐ ஒட்டினா ஆள் செயப்படுபொருள், அவையின்ர ஐ வந்தா ஆள் எழுவாய். ரெண்டுக்கும் ஒரு சொந்தமும் இல்லை, தற்செயலா ஒரே சத்தம், அவ்வளவு தான். ஆனா பிள்ளையளுக்கு நான் குடுக்கிற முதல் கயிறு இது தான்: தமிழில ஐ இருந்தா இங்கிலிசில ஐ வராது. "என்னைக் கூப்பிட்டவ" எண்டதில ஐ கேக்குது, அப்ப இங்கிலிசில மீ. "நான் கூப்பிட்டன்" எண்டதில ஐ இல்லை, அப்ப இங்கிலிசில ஐ. ஒருக்காச் சொன்னாக் காணும், பிறகு அதுகளே ஒண்டை ஒண்டு திருத்தும். கெதியாக் கதைக்கேக்க என்னை எண்டது என்ன எண்டு தேய்ஞ்சு போறபடியால் முதல்ல தமிழ் வசனத்தை முழுசா எழுதச் சொல்லுவன். சோறு, புத்தகம் மாதிரிப் பொருளுகளுக்கு நாங்கள் ஐயை விட்டிட்டுக் கதைப்பம், சோறு சாப்பிட்டன் எண்டா ஆரும் பிழை சொல்லாயினம். ஆனா ஆக்களைச் சொல்லேக்க அப்பிடி விடமாட்டம். அவன் கண்டன் எண்டு ஒரு நாளும் வராது. அதால புரனவுனுக்கு இந்தக் கயிறு அறாது.

இனிப் பெரியப்பாவின்ர வசனத்துக்கு வாறன். வான் என்னை இடிச்சது. என்னை வான் இடிச்சது. இடிச்சது வான் என்னை. எப்பிடி மாத்தி வைச்சாலும் ஆர் இடிச்சது, ஆர் இடிபட்டது எண்டதில சந்தேகமே இல்லை, ஏனெண்டா அந்த ஐ ஆளோட ஒட்டிக்கொண்டு போகுது, ஆள் எங்க போனாலும் அதுவும் போகும். இங்கிலிசில சொல்லுக்குப் பின்னால அப்பிடி ஒட்டுறதுக்கு ஒண்டும் இல்லை. அங்க ஆள் நிக்கிற இடம் தான் உருபு. வினைக்கு முன்னால நிண்டா செய்த ஆள், பின்னால நிண்டா செய்யப்பட்ட ஆள். தமிழ் காதால நான் முதல்ல கேட்ட சொல்லை இங்கிலிசில முதல்ல வைச்சன், வைச்ச உடன பெரியப்பா இடிச்ச ஆளா மாறிப்போனார். இலக்கணப் பிழை எண்டு சிவத்தப் பேனையால கோடு கீறிவிடுற சாமான் இல்லை இது. பழி ஒரு ஆளிலயிருந்து இன்னொரு ஆளுக்கு மாறிப்போகும்.

இங்கிலிசும் எப்பவும் இப்பிடி இருக்கேல்லை எண்டு படிச்சபோது எனக்கு ஒரு நெருக்கம் வந்தது. ஆயிரம் வருசத்துக்கு முந்தின இங்கிலிசில பெயர்ச்சொல்லுகளுக்கும் எங்கட வேற்றுமை உருபு மாதிரி ஒட்டுகள் இருந்தது, சொல்லுகளை இடம் மாத்தி வைச்சாலும் பெரும்பாலும் விளங்கும். பிறகு காலப்போக்கில அந்த ஒட்டுகளில பெரும்பாலானது தேய்ஞ்சு போச்சுது, போகப் போக இடம் இறுகிப்போச்சுது. எழுவாய், செயப்படுபொருள் வித்தியாசம் தேயாம மிஞ்சினது இந்தக் கொஞ்சப் புரனவுனுகளில தான். குளம் வத்தின பிறகு ஆழமான இடத்தில மட்டும் தண்ணி நிக்கிற மாதிரி. தே, தெம் ரெண்டும் இங்கிலிசின்ர சொந்தச் சொல்லுகூட இல்லை, வடக்கில இருந்து கப்பலில வந்து குடியேறின வைக்கிங் ஆக்களின்ர மொழியில இருந்து வந்தது. அவை, அவையை எண்ட சொல்லைக் கூட இரவல் வாங்கின மொழி அது.

யூவுக்கும் ஒரு கதை இருக்குது. முந்தி கன பேரைச் சொல்லேக்க எழுவாய்க்கு யீ, செயப்படுபொருளுக்கு யூ. எங்கட வகுப்பில வேதக்காரப் பிள்ளையள் ரெண்டு பேர் வருகினம், அவைக்காக நான் 1611இல வந்த பழைய இங்கிலிஸ் பைபிளில யோவான் 8:32ஐ எடுத்துக் காட்டினனான். யீ ஷல் நோ த ட்றூத், அன்ட் த ட்றூத் ஷல் மேக் யூ ஃப்ரீ. அறியிறது நீங்கள், அதுக்கு யீ. விடுதலையாக்கப்படுறதும் நீங்கள், அதுக்கு யூ. அதில ஒரு பிள்ளை உடன தமிழில சொல்லிச்சுது, சத்தியம் உங்களை விடுதலையாக்கும். உங்களை எண்டதில ஐ நிக்குது அக்கா எண்டு தானே கண்டுபிடிச்சுது. பிறகு யீ வழக்கத்தில இருந்து போய், யூ ரெண்டு வேலையையும் தூக்கிக்கொண்டுது.

சரி, கயிறு எல்லா இடத்திலயும் இழுக்குமோ எண்டா, இல்லை. எனக்கு எண்ட சொல்லில வந்து சிக்குப்படும். நான் கன நேரம் மினக்கெடுறது இதில தான், பிள்ளையள் மாக்ஸ் விடுறதும் இதில தான்.

எனக்குப் பசிக்குது. எனக்குத் தெரியும். எனக்கு அவனைப் பிடிக்கும். எங்களுக்கு இதெல்லாம் ஆள் செய்யிற வேலை இல்லை, ஆளுக்கு வாற விசயம். பசி எனக்கு வருகுது, நான் போய்ப் பசிக்கிறதில்லை. ஆனா இங்கிலிசில ஐ ஆம் ஹங்ரி, ஐ நோ, ஐ லைக் ஹிம். எல்லாத்துக்கும் ஆளை முன்னுக்குக் கொண்டுவந்து எழுவாயா நிப்பாட்டி வைக்கிறாங்கள். நல்லா ஐ, மீ படிச்ச பிள்ளை கூட இதில மீ ஹங்ரி எண்டு எழுதும், ஏனெண்டா எனக்கு எண்டது நான் இல்லை எண்டு அதுக்குத் தெரியும், அது சரியாத் தான் யோசிச்சிருக்குது. அதால நான் அந்தப் பிழைக்குக் கோவிக்கிறதில்லை. இன்னும் சொல்லப்போனா பழைய இங்கிலிசிலயும் பசி மீக்குத் தான் வந்தது, தாகமும் மீக்குத் தான். ஷேக்ஸ்பியர் காலத்தில கூட மீதிங்ஸ் எண்டு ஒரு சொல் வழக்கத்தில இருந்தது, எனக்குத் தோணுது எண்டு அர்த்தம், எங்கட எனக்கு அப்பிடியே அதுக்குள்ள இருக்குது. லைக் எண்ட வினையும் முந்தி "அது எனக்குப் பிடிக்குது" எண்ட மாதிரித் தான் ஓடினது, பிடிக்கிற சாமான் எழுவாய், ஆள் மீ. பிறகு தான் ஆள் முன்னுக்கு வந்து ஐ லைக் ஆச்சுது. இப் யூ ப்ளீஸ் எண்டு இண்டைக்கும் சொல்லுகினமே, அந்த யூவும் முதல்ல எழுவாய் இல்லை, உங்களுக்கு விருப்பமெண்டா எண்டதில வாற உங்களுக்கு தான்.

ஆனா எல்லா எனக்கும் ஐ ஆகாது. அம்மா எனக்குச் சோறு தந்தவ, மை மதர் கேவ் மீ றைஸ். இங்க மீ. அப்ப எப்பிடிப் பிரிக்கிறது? நான் சொல்லிக்குடுக்கிறது, வசனத்துக்குள்ள வேற ஆரும் வேலை செய்துகொண்டு நிக்கினமோ எண்டு பார். அம்மா நிக்கிறா, சோறு போடுறா, அப்ப எழுவாய் கதிரை அவவுக்கு, உனக்கு மீ. எனக்குப் பசிக்குது எண்டதில ஆர் நிக்கினம்? ஆருமில்லை. கதிரை வெறுமையாக் கிடக்குது. இங்கிலிசுக்கு வெறுங் கதிரை சரிவராது, அப்ப நீ போய் இரு, ஐ. எனக்கு அவனைப் பிடிக்கும் எண்டதில அவன் நிக்கிறான் தான், ஆனா அவனில ஐ ஒட்டியிருக்குது, அவன் கதிரைக்கு வரமாட்டான், திருப்பியும் நீ தான். என்னட்டைக் காசில்லை எண்டாலும் இதே கணக்கு, ஐ ஹாவ் நோ மணி.

கதிரை எண்டவுடன ஞாபகம் வருது, நாங்கள் நானை அடிக்கடி விட்டிட்டே கதைப்பம். நேற்றுக் கிளிநொச்சிக்குப் போனனான். ஆர் போனது எண்டு வினையின்ர முடிவே சொல்லிப்போடும். பிள்ளையள் அதை அப்பிடியே வென்ற் ரு கிளிநொச்சி எண்டு எழுதினா வாசிக்கிறவனுக்கு ஆர் போனது எண்டு தெரியாது, வென்ற் எண்டதில நானும் இல்லை அவனும் இல்லை.

வித் மீ, ஃபோர் அஸ், அபவுட் ஹிம் எண்டு வாறதுகள் சுகம். என்னோட, எனக்காக, என்னைப் பற்றி, என்னட்டை, எல்லாம் என் எண்டு தான் தொடங்குது, நானோட எண்டு உலகத்தில ஆரும் சொல்லுறதில்லை. அதால அந்த மாதிரிச் சொல்லுக்குப் பின்னால ஐ வரவே வராது. இது தெரிஞ்சா, படிச்ச ஆக்களே தடக்குப்படுற பிற்வீன் யூ அன்ட் ஐ எண்ட பிழை எங்கட பிள்ளையளுக்கு வராது. அந்தப் பிழை எப்பிடி வாறதெண்டா, சின்னனில மீ அன்ட் மை பிறதர் வென்ற் எண்டு சொல்லித் திருத்து வாங்கின பிள்ளை, மீ எண்டாலே மரியாதை இல்லாத சொல் எண்டு பயந்து கண்ட இடமெல்லாம் ஐ போடப் பழகுது. பயத்தில வாற பிழை. தமிழ்ப் பிள்ளைக்கு அந்தப் பயம் தேவையில்லை, ஏனெண்டா எங்கட மொழியில ஒவ்வொரு ஆளிலயும் தனித்தனியா உருபு ஒட்டும். நானும் தம்பியும் போனம். என்னையும் தம்பியையும் கூப்பிட்டவை. சந்தேகமெண்டா தம்பியை ஒரு நிமிசம் வீட்டை அனுப்பிப்போட்டு வசனத்தைத் திருப்பிச் சொல்லிப் பார், தே கோல்ட் ஐ எண்டு வாய் வராது, தே கோல்ட் மீ எண்டு தான் வரும், பிறகு தம்பியைத் திருப்பிக் கூப்பிடு.

ஹூ, ஹூம் பற்றிப் பெரிசாச் சொல்ல இல்லை. ஆர், ஆரை. ஹூம் கதைக்கிற இங்கிலிசில தேய்ஞ்சுகொண்டு போகுது, சோதினைக்குத் தெரிஞ்சிருந்தாக் காணும். போனில ஆர் எண்டு கேட்டா இற் இஸ் ஐ எண்டு சொல்ல வேணும் எண்டு பழைய ஆக்கள் சிலர் இப்பவும் பிடிவாதம். 1762இல ரொபேட் லௌத் எண்ட பாதிரியார் எழுதின இலக்கணத்தில அப்பிடித் தான் இருக்குது, அந்த மாதிரி விதிகளுக்குப் பின்னால லத்தீன் இலக்கணம் நிண்டது. இங்கிலிஸ்காரர் தங்கட வீட்டில இற்ஸ் மீ எண்டு தான் சொல்லுகினம். நானும் பிள்ளையளை அப்பிடியே சொல்ல விடுறன்.

போன வருசம் ஒரு பிள்ளை தன்ர அப்பப்பாவைப் பற்றி எழுதினது. அவர் செத்து ஆறு மாசம். முழுக்க தே, தெம். தே லவ்ட் மீ, ஐ மிஸ் தெம். எத்தினை பேரைப் பற்றி எழுதுறாய் எண்டு கேட்டன். அப்பப்பாவைத் தான் எண்டுது. அப்ப ஏன் ஹீ போடேல்லை எண்டா, ஹீ எண்டா அவன் மாதிரி இருக்குது அக்கா, அப்பப்பாவை எப்பிடி அவன் எண்டுறது. எனக்குச் சிவப்புப் பேனையைத் திறக்க மனம் வரேல்லை. இங்கிலிசில அவன், அவர் எண்டு ரெண்டு இல்லை, ராசாவுக்கும் ஹீ தான், ஆடு மேய்க்கிற பெடியனுக்கும் ஹீ தான், அது மரியாதைக் குறைவில்லை எண்டு விளங்கப்படுத்தினன். கன நேரம் பேசாம இருந்திட்டுத் தானாவே வெட்டி ஹீ, ஹிம் எண்டு மாத்தினது. மை கிறான்ட்ஃபாதர் எண்டதை மட்டும் ஒவ்வொரு பந்தியிலயும் திருப்பித் திருப்பி எழுதி வைச்சிருந்தது. அதை நான் தொடேல்லை.

போன மாசம் ஒரு பின்னேரம் கரும்பலகையில பெரியப்பாவின்ர வசனத்தை எழுதி இங்கிலிசில மாத்தச் சொன்னன். என்னை வான் இடிச்சது. ஆரின்ர வசனம் எண்டு சொல்லேல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒண்டு எழும்பி வந்து என்னை எண்டதில ஐயைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுது, பிறகு கீழ எழுதினது: தி வான் ஹிற் மீ. பெரியப்பா விறாந்தையில இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், தடியை ஊண்டிக்கொண்டு இறங்கி வந்து பலகைக்குக் கிட்ட நிண்டு கேட்டார்.

"இதில நான் எங்க நிக்கிறன் பிள்ளை?"

"கடைசியில ஐயா. இது."

"வான் எனக்குப் பின்னால எல்லோ வந்தது. நீ முன்னால எழுதியிருக்கிறாய்."

"இடிச்சது வான் தானே ஐயா. அப்ப அது தான் முன்னுக்கு நிக்க வேணும்."

அவர் கொஞ்ச நேரம் அந்த மீயைப் பார்த்துக்கொண்டு நிண்டவர். பிறகு அதை ஒரு துண்டில எழுதித் தரச் சொல்லி வாங்கி, நாலா மடிச்சு சேட் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு விறாந்தைக்குத் திரும்பிப் போனார்.